பந்தயக் கார் ஓட்டுநருக்கு ஏன் தனி ஷூ?

2024 முதல் கடைகளிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒல்லியான ஒரு ஷூ மறுபடி தலைகாட்டுகிறது. ஸ்வேட் தோல், குறுகிய மூக்கு, தரையோடு ஒட்டிய சோல், குதிகாலைச் சுற்றி மேலேறும் ரப்பர். பூமாவின் ஸ்பீட்கேட் இந்த வரிசையில் முதல் பெயர். அதைப் பார்த்துச் செய்த மலிவு வகைகளும் ‘ரேசிங் ஷூ’ என்றே விலைபோகின்றன. பக்கத்து அலமாரியில் அடியெல்லாம் ரப்பர் குமிழ் வைத்த மொக்காசின், ‘டிரைவிங் ஷூ’ என்ற பெயரில். சர்க்யூட்டில், அதாவது பந்தயத் தளத்தில், ஓட்டுகிறவர்கள் போடுவது இவற்றில் எது?

இரண்டுமே இல்லை. ஒன்று சாலையில் கார் ஓட்டுவதற்கென்று வந்த செருப்பு. இன்னொன்று பந்தய ஷூவின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட நடை ஷூ. மூன்றாவதுதான் பந்தய ஷூ. அதை அடையாளம் காட்டுவது உருவம் அல்ல, உள்ளே தைத்திருக்கும் தீத்தடுப்புத் தரச்சீட்டு. இந்த மூன்றும் எங்கே பிரிந்தன என்று பார்க்க, முதலில் பந்தயக் காரில் காலுக்கு என்ன வேலை என்று தெரிய வேண்டும்.

காலின் வேலை

சாலையில் வலது கால் ஒரு நேரத்தில் ஒரு பெடலைத்தான் மிதிக்கும். கையால் கியர் மாற்றும் பந்தயக் காரில், வேகமாக வந்து ஒரு வளைவுக்குள் நுழையும்போது நடப்பது இது:

1. வலது பாதத்தின் முன்பகுதி, பெருவிரலுக்குக் கீழே உள்ள சதை, பிரேக்கை அழுத்துகிறது.
2. இடது கால் கிளட்சை மிதிக்கிறது. கை கீழ் கியருக்குப் போகிறது.
3. பிரேக்கில் வைத்த அழுத்தம் குறையாமலே, அதே வலது பாதத்தின் வெளி விளிம்போ குதிகாலோ ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. எஞ்சினின் சுழற்சி ஏறி, கீழ் கியருக்கு வேண்டிய அளவுக்கு வந்து சேர்கிறது.
4. கிளட்ச் விடப்படுகிறது.

ஹீல்-அண்ட்-டோ என்பது இதுதான். மூன்றாவது படி தப்பினால் கிளட்ச் விடும் நொடியில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம், வண்டி சுழன்றுவிடலாம். ஆக, ஒரே பாதம் ஒரு பெடலைச் சீராகப் பிடித்துக்கொண்டே பக்கத்துப் பெடலைத் தொட்டுவிட்டு வர வேண்டும். சாதாரண ஷூவின் சோல், மேல்தோலைவிடச் சில மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பிரேக்கிலிருந்து காலை எடுக்கும்போது மாட்டுவது அந்த விளிம்புதான். பழைய கார்களில் தொல்லை இன்னும் அதிகம்: 1950களின் மஸராட்டி 250எஃப் காரில் ஆக்சிலரேட்டர் நடுவிலும் பிரேக் வலது ஓரத்திலும் இருந்தன.

மிதிப்பதோடு வேலை முடியவில்லை. டயர் பூட்டிக்கொள்ளப் போகிறது என்ற செய்தி பிரேக் பெடலின் வழியாகவும் வருகிறது, அதை வாங்குவது பாதம். தடிமனான நுரை வைத்த ஓட்ட ஷூவில் (சாலை ஓட்டத்துக்கு உலகத் தடகள அமைப்பு 40 மி.மீ. வரை சோல் அனுமதிக்கிறது) முதலில் நுரை நசுங்கும், பிறகுதான் பெடல் இறங்கும். காலைத் தளர்த்தினால் முதலில் நுரை விரியும், பெடல் அப்படியே நிற்கும். எவ்வளவு அழுத்தினோம் என்று காலுக்குத் தெரியாமலே போய்விடும். இன்றைய ஃபார்முலா 1 காரில் முழு பிரேக்குக்கு 100 கிலோவுக்கு மேல் விசை கொடுக்கிறார்கள், பெடல் நகரும் தூரமோ மிகக் குறைவு. எனவே சோல் மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது, நசுங்காமலும் இருக்க வேண்டும்.

இந்தத் தேவை கார் பந்தயம் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் 1950கள் வரை பெரும்பாலானோர் வீட்டிலிருந்து போட்டு வந்த தோல் ஷூவிலோ கேன்வாஸ் ஷூவிலோதான் ஓட்டினார்கள். லெ மான் பந்தயத்தில் 1969 வரை ஓட்டுநர்கள் பாதையைக் குறுக்கே ஓடிக் கடந்து காரில் ஏற வேண்டியிருந்ததால், ஓடத் தோதான ஷூவும் வேண்டும்.

முதலில் சுட்டது தீ அல்ல

பந்தய ஷூ என்றாலே தீத்தடுப்பு என்று இன்று நினைக்கிறோம். வரலாற்றில் அது பின்னால் வந்தது. முதலில் காலைச் சுட்டவை எஞ்சினும் ரேடியேட்டரும்.

எஞ்சின் முன்னால் இருந்த கார்களில் ஓட்டுநரின் பாதம் எஞ்சினுக்கும் எக்ஸாஸ்டுக்கும் பக்கத்திலேயே கிடக்கும். 1955 ஜனவரி 16, புவனோஸ் ஐரிஸ். கொளுத்தும் கோடையில் மூன்று மணி நேர கிராண்ட் பிரீ. வெப்பம் தாங்காமல் ஓட்டுநர்கள் இறங்கி இறங்கி வண்டியை மாற்று ஆளிடம் கொடுத்தார்கள். மாற்று ஆள் இல்லாமல் கடைசிவரை ஓட்டியவர்கள் இருவர்தான்: வென்ற ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோவும் ரொபெர்த்தோ மியேரேஸும். எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்த, காரின் சட்டகக் குழாய் பட்டு ஃபாஞ்சியோவின் கால் வெந்துபோனது.

எஞ்சினைப் பின்னால் தள்ளினால் தீர்ந்துவிடும் என்று பார்த்தால், அதுவும் தீரவில்லை. எஞ்சின் பின்னால் போனாலும் ரேடியேட்டர் மூக்கிலேயே நின்றது. அதற்குப் பின்னாலேயே பெடல்கள். 1959 மொனாக்கோவில் பின்எஞ்சின் கூப்பர் காரில் ஜாக் பிராபம் தன் முதல் உலகச் சாம்பியன்ஷிப் பந்தயத்தை வென்றபோது, சூடேறிய பெடல்கள் அவர் பாதத்தைச் சுட்டிருந்தன.

இங்கேதான் இந்த ஷூவின் அடிப்படைத் தகராறு. பெடலை உணர மெல்லிய சோல் வேண்டும், சூட்டைத் தடுக்கத் தடித்த சோல் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் கொடுக்க முடியாது. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பந்தய வகையும் இந்தப் பேரத்தை வேறு வேறு இடத்தில் முடித்திருக்கிறது.

1963: சாலைக்குப் போன கிளை

இத்தாலியில் ஜான்னி மொஸ்தீலே என்ற காலணிக்காரர் 1963இல் கார் ஷூ என்ற பெயரில் ஒரு மொக்காசினுக்கு அரசிடம் காப்புரிமை வாங்கினார். அதற்கு முழு சோல் கிடையாது. மென்தோல் மொக்காசினின் அடியில் துளைகள் போட்டு, உள்ளிருந்து ரப்பர் குமிழ்களை வெளியே நீட்டியிருந்தார். பெடலில் வழுக்காது, சோல் விளிம்பு மாட்டாது. குதிகாலின் பின்புறமும் குமிழ்கள் மேலேறும். பெடல் மிதிக்கும்போது தரையில் தேய்வது அந்த இடம்தான்.

இதை வாங்கியவர்கள் பணக்காரக் கார்ப் பிரியர்கள். ஃபியட் கார் நிறுவனத்தின் ஜான்னி அன்யெல்லி அவர்களில் ஒருவர். 1970களின் கடைசியில் டாட்ஸ் நிறுவனத்தின் கொம்மினோ, 133 குமிழ்களோடு வந்து இதே வடிவத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. கார் ஷூ 2001இல் பிராடாவிடம் போனது. கணுக்காலை மூடாத, லேஸ் இல்லாத, தீ தாங்காத காலணி இது. சர்க்யூட்டில் இதற்கு வேலை இல்லை.

செஃபாலு: பந்தயத்துக்கென்றே தைத்த ஷூ

சிசிலித் தீவின் வடகரையில் செஃபாலு என்ற மீன்பிடி ஊர். அருகே உள்ள மதோனியே மலைகளில் 1906 முதல் தார்கா ஃப்ளோரியோ என்ற கார் பந்தயம் நடந்தது. மூடிய சர்க்யூட் அல்ல. செர்தா, கொல்லெசானோ போன்ற ஊர்களின் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போகும் 72 கி.மீ. மலைச்சாலை, அதில் 1960களில் 10 சுற்று, 1970இல் 11. 1970இல் போர்ஷே 908/3 காரில் லியோ கின்னுனென் போட்ட மிக வேகமான சுற்றுக்கே 33 நிமிடம் 36 நொடி ஆனது. சராசரியைக் கணக்குப் போட்டால் மணிக்கு 128 கி.மீ.தான் வருகிறது. அரை மணி நேரத்துக்கும் மேலாக வளைவு மேல் வளைவு, கிளட்ச் மேல் கிளட்ச். பாதம் ஓயாத பந்தயம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். மே மாதச் சிசிலி வெயிலும் சேர்ந்துகொள்ளும்.

செஃபாலுவின் கடற்கரைச் சாலையில் கடை வைத்திருந்தவர் ஃப்ரான்செஸ்கோ லிபெர்த்தோ, ஊரார் வாயில் ‘சிச்சியோ’. 1960களின் நடுவில் ஆல்ஃபா ரோமியோ அணியின் ஓட்டுநர் இன்யாசியோ ஜுந்திக்காக அவர் ஒரு ஜோடி தைத்தார். பந்தயம் ஓட்டுவதற்கென்றே அளவெடுத்துக் கையால் தைத்த ஷூவின் தொடக்கமாக இந்த ஜோடியைத்தான் பலரும் சொல்கிறார்கள். மென்மையான மெல்லிய தோல், கணுக்காலைப் பிடிக்கும் உயரம், துருத்தாத மெல்லிய சோல். குத்துச்சண்டை வீரரின் பூட்ஸை நினைவூட்டும் தோற்றம்.

பேச்சு பரவியது. 1968இல் தார்கா ஃப்ளோரியோவை வென்ற விக் எல்ஃபோர்டு, பலேர்மோவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்துகொண்டே அந்தப் பந்தயத்தை மூன்று முறை வென்ற நினோ வக்கரெல்லா, ஜாக்கி இக்ஸ், பிற்பாடு நிக்கி லாடா என்று வாடிக்கையாளர் பட்டியல் நீண்டது. இதே வேலையைப் பெரிய தொழிற்சாலைகள் செய்திருக்கலாமே என்று தோன்றும். அவற்றுக்கு அச்சு, அளவு, ஆயிரம் ஜோடிக்கான ஆர்டர் எல்லாம் வேண்டும். உலகம் முழுவதும் சேர்த்தாலும் அன்று சில நூறு பேருக்குத்தான் இந்தச் சரக்கு தேவைப்பட்டது. அதனால் இது கைத்தொழில்காரர் கையில் பிறந்ததில் வியப்பில்லை.

ஜுந்தியின் முடிவு வேறு. 1971 ஜனவரி 10, புவனோஸ் ஐரிஸ் 1000 கி.மீ. பந்தயத்தில், பாதையில் தள்ளிக்கொண்டு போகப்பட்ட ஒரு காரின் மீது அவருடைய ஃபெராரி மோதித் தீப்பற்றியது. அவர் பிழைக்கவில்லை. கைத்தோல் ஷூ பெடலுக்கும் தரைச்சூட்டுக்கும் விடை சொன்னது. பெட்ரோல் தீக்கு அதனிடம் விடை இல்லை.

தீ வந்த பிறகு

1964 மே மாதப் பந்தய விபத்துகள் அமெரிக்காவை உலுக்கின. 24ஆம் தேதி சார்லட்டில் ஃபயர்பால் ராபர்ட்ஸ் தீயில் சிக்கி, ஜூலையில் இறந்தார். 30ஆம் தேதி இண்டியானாபொலிஸில் எடி சாக்ஸும் டேவ் மெக்டொனால்டும் இறந்தார்கள். 1967 மொனாக்கோவில் லொரென்சோ பந்தினி. இதே ஆண்டுகளில் டூபாண்ட் நிறுவனத்தின் நோமெக்ஸ் இழை பந்தய உடைக்குள் வந்தது.

நோமெக்ஸின் தனித்தன்மை, அது உருகாது என்பது. நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 265 டிகிரிக்குள் உருகித் தோலில் ஒட்டும். நோமெக்ஸ் 370 டிகிரியைத் தாண்டும்போது கருகித் தடிக்கும். அந்தக் கரித்தட்டே தீக்கும் தோலுக்கும் நடுவே தடுப்பாகிறது. எனவே பந்தய ஷூவில் வெளியே ஸ்வேட் தோல், உள்ளே நோமெக்ஸ் போன்ற அராமிட் துணி என்ற அமைப்பு நிலைத்தது. தையல் நூலும் லேஸும்கூட எரியாத இழையில் இருக்க வேண்டும். நூல் எரிந்தால் நல்ல தோலும் பிரிந்து வாய் பிளக்கும்.

தொழிலும் கைமாறியது. ஜெனோவாவுக்கு அருகே 1973இல் ஓ.எம்.பி., துரினில் 1977இல் ஸ்பார்கோ தொடங்கின. மலையேறும் பூட்ஸுக்குப் பேர்போன வட்டாரத்தில், அசோலோ ஊரில் 1963இல் பிறந்த ஆல்பைன்ஸ்டார்ஸ் மோட்டோகிராஸ் பூட்ஸிலிருந்து கார் பந்தயத்துக்கு நகர்ந்தது. எல்லாமே இத்தாலி.

தரச்சீட்டில் இரண்டு தரங்கள் உண்டு:

1. எஃப்.ஐ.ஏ. 8856. உலக மோட்டார் பந்தய அமைப்பின் தரம். 2000, 2018 என்று இரண்டு பதிப்புகள். சோதனையில் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோவாட் வெப்பம் தரும் சுடரைத் துணியின் ஒரு பக்கம் காட்டி, மறுபக்கம் 24 டிகிரி ஏற எத்தனை நொடி ஆகிறது என்று அளக்கிறார்கள்.

2. எஸ்.எஃப்.ஐ. 3.3. அமெரிக்கத் தரம். கையுறை, ஷூ, தலையுறைக்கு உரியது. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 5, 15, 20 போன்ற எண்ணே பாதுகாப்பின் அளவு. 5 என்றால் இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட ஏறத்தாழ 10 நொடி ஆகும் வகை. 20 என்றால் 40 நொடி.

இவை தப்பிப்பதற்குக் கிடைக்கும் நேரம், தீயில் நிற்பதற்கான உத்தரவாதம் அல்ல. 2020 நவம்பர் 29, பஹ்ரைன். ரொமைன் குரோஜானின் கார் மணிக்கு 192 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. இடது பாதம் உள்ளே சிக்கிக்கொண்டது. பாதத்தை ஷூவிலிருந்து உருவி, ஷூவைக் காரிலேயே விட்டுவிட்டு, 27 நொடியில் வெளியே வந்தார். கைகளில்தான் தீக்காயம். ஷூ கழன்ற பாதத்தைத் தீயிலிருந்து காக்க எஞ்சியிருந்தது சாக்ஸ் மட்டுமே. தீத்தடுப்பு சாக்ஸைக் கட்டாயமாக்கியது எவ்வளவு சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பாதக்குழி சுருங்கியது

1988இல் ஃபார்முலா 1 விதி மாறியது. புதிய கார்களில் ஓட்டுநரின் பாதம் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும். நேருக்கு நேர் மோதலில் கால் நொறுங்காமல் காக்கவே இந்த விதி. ஆனால் காற்றை எளிதாகக் கிழிக்க மூக்கை ஒடுக்க விரும்பிய வடிவமைப்பாளர்கள், பெடல்களும் பாதமும் இருக்கும் பாதக்குழியையும் ஒடுக்கினார்கள். அதே ஆண்டின் மார்ச் 881, உள்ளே உட்காரவே இடமில்லாத கார் என்று பெயர் வாங்கியது. 1990களில் கிளட்ச் ஸ்டீயரிங்குக்குப் போனது. இரண்டே பெடல்கள், வலது கால் வேகத்துக்கு, இடது கால் பிரேக்குக்கு. ஹீல்-அண்ட்-டோவுக்கு அங்கே வேலை போயிற்று.

கார் மாறியதும் ஷூவும் மாறியது. இருக்கையில் படுத்தபடி, பாதத்தை இடுப்பு மட்டத்துக்கு உயர்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். குதிகால் அசையாமல் ஒரே இடத்தில் ஊன்றியிருக்கும், பாதம் மட்டும் மடங்கி நிமிரும். அதனால் வட்டமான குதிகால், தடிமனே இல்லாத பக்கங்கள். எடை குறைக்க, மெல்லியதாகச் சீவினாலும் கிழியாத கங்காரு தோலைச் சில வகைகளில் பயன்படுத்தினார்கள். தையல்களை வெளிப்பக்கம் வைப்பதும் உண்டு. இரண்டு மணி நேரம் 100 கிலோ அழுத்தத்தில் உள்தையல் ஒன்று விரலில் உறுத்தினால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. (அலெக்சாண்டர் வுர்ஸ் ஒரு காலில் சிவப்பும் மறுகாலில் நீலமுமாகப் போட்டு ஓட்டியதற்கு இதில் எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. ராசி.)

மற்ற பந்தயங்களில் பேரம் வேறு. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்களில் எக்ஸாஸ்ட் தரைக்கடியில் போவதால் குதிகால்தான் வேகும். ஷூவின் மேல் குதிகாலுக்குத் தனி வெப்பக் கவசம் மாட்டிக்கொள்கிறார்கள். நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் பந்தயத்தில், சில நொடி ஓட்டத்தில் பெடலை நுணுக்கமாக உணர வேண்டிய தேவை குறைவு, தீயின் ஆபத்து அதிகம். அதனால் எஸ்.எஃப்.ஐ. 3.3/20 தரத்தில் தடித்த பூட்ஸ். 1970 மார்ச் 8இல் டிராக் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. அதற்கு ஷூ எதுவும் செய்திருக்க முடியாது. அவர் எஞ்சினையே முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியைக் கட்டி, 1971இல் திரும்பி வந்து வென்றார். ரேலியிலோ நடுக்காட்டில் இறங்கி டயர் மாற்ற வேண்டிவரும். அங்கே சோல் கொஞ்சம் தடிமனாக, பிடிப்புள்ளதாக இருக்கும்.

எங்கே கெடுகிறது

1. ஈரச் சோல். டீசல், ஆயில், மழைநீர் எதுவானாலும் முதல் பிரேக்கில் பாதம் வழுக்கும். காரில் ஏறும் முன் சோலைத் துடைப்பதும், கார்கள் புறப்பட வரிசையாக நிற்கும் கிரிட் வரை மேலுறை போட்டு நடப்பதும் இதற்காகத்தான்.
2. தொங்கும் லேஸ். பெடல் காம்பில் சுற்றிக்கொள்ளும். முடிச்சை நாக்குக்குள்ளோ வெல்க்ரோ பட்டைக்கு அடியிலோ செருகிவிட வேண்டும்.
3. பெரிய அளவு. தடித்த சாக்ஸ் போடலாம் என்று அரை அளவு கூட்டி வாங்குகிறார்கள். விரலுக்கு முன்னால் காலியாக இருக்கும் மூக்கு பக்கத்துப் பெடலை உரசும். தீத்தடுப்பு சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பார்க்க வேண்டும்.
4. தார்ச்சாலையில் நடப்பது. சோல் மெல்லியது. அணிகள் தங்கும் பேடாக்கில் நாள் முழுக்கப் போட்டு நடந்தால் பெருவிரலுக்கு அடியிலும் குதிகால் வளைவிலும் தேய்ந்து தோல் தெரியும்.
5. மறுசோல். பசை மாறினால் தரச்சீட்டுக்கு அர்த்தம் இல்லை. சூட்டில் இளகும் சாதாரணப் பசை, சோலைப் பந்தயத்தின் நடுவே கழற்றிவிடும்.
6. கோ-கார்ட் ஷூ. தோற்றத்தில் வேறுபாடே தெரியாது, கணுக்காலையும் மூடும். ஆனால் பெரும்பாலானவை செயற்கைத் தோல், தீத்தடுப்புத் துணி இல்லை. அதைப் போட்டுக்கொண்டு கார் பந்தயத்துக்குப் போனால், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைத் தளமானாலும் இத்தாலியின் மோன்ஸாவானாலும், 8856 சீட்டு கேட்கும் போட்டியில் பரிசோதகர் திருப்பி அனுப்புவார்.

திரும்பவும் ஸ்பீட்கேட்

பூமா 1999இல் இதை ஃபார்முலா 1 ஓட்டுநருக்கான தீத்தடுப்பு ஷூவாகத்தான் கொண்டுவந்தது. தெருவுக்கு வந்தபோது வட்டக் குதிகாலும் ஒல்லி மூக்கும் ஸ்வேட்டும் தங்கின. உயரம் கணுக்காலுக்குக் கீழே இறங்கியது, அராமிட் உள்துணி போனது, சாதாரண நூலும் சாதாரண லேஸும் வந்தன. காலேஜுக்கும் கடைத்தெருவுக்கும் அது போதும். சாலையில் கார் ஓட்டவும் தடித்த நுரை ஷூவைவிட உண்மையிலேயே நன்றாக இருக்கும், ஏனென்றால் பெடல் தெரியும். பந்தயத்துக்கு வாங்குகிறவர் நாக்கிலோ உட்புறத்திலோ தைத்த எஃப்.ஐ.ஏ. சீட்டைத் தேட வேண்டும். அதில் 8856 என்ற தர எண், தயாரிப்பாளர் பெயர், அங்கீகார எண் மூன்றும் இருக்கும். பெட்டியின் மேல் ‘தீத்தடுப்பு’ என்று அச்சிட்டிருப்பது கணக்கில் சேராது.